எழுத்தாளரைச் சந்திக்கலாம் என்று சொல்லி 256 வெள்ளியைப் பிடுங்கிக்கொண்டார்கள்: சிங்கப்பூர் வாசகர்களே, உஷார்

சிங்கப்பூரில் இருக்கும் தமிழ் வாசகர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். போன சனிக்கிழமை எங்களிடம் 256 வெள்ளியை வாங்கிக்கொண்டு ஓர் ஆள் நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எழுத்தாளர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு இது எதுவுமே தெரியாது, அவர் பெயர் இதில் இழுபடக் கூடாது. போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் அந்த ஏற்பாட்டாளர் பெயரையும் போடவில்லை. இலக்கிய நிகழ்ச்சி நடத்துகிறேன் என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலிருந்து எழுத்தாளர் வருகிறார் என்று அந்தக் குழுவில்தான் பார்த்தேன். 20 வாசகர்களுக்கு மட்டும் தனிச் சந்திப்பு, முன்வரிசை இருக்கை, பேச்சு முடிந்ததும் தேக்காவில் ஓர் உணவகத்தில் அவரோடு சாப்பாடு, கையெழுத்து, படம். ஆளுக்கு 128 வெள்ளி. நவம்பரில் நடக்கும் எழுத்தாளர் விழாவில்கூடச் சில நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வாங்கித்தானே போகிறோம், அதனால் கட்டணம் இருந்தது வித்தியாசமாகத் தெரியவில்லை.

என் அப்பா துறைமுகத்தில் இரவு வேலை பார்த்தவர். அந்த எழுத்தாளரின் நாவல் ஒன்றை சிராங்கூன் ரோட்டில் வாங்கி, இடைவேளையில் படித்துப் படித்தே தேய்த்துவிட்டார். புத்தகத்தின் முதுகில் பழுப்பு டேப், முதல் பக்கத்தில் நீல மையில் அப்பா பெயரும் 1988 என்ற வருடமும். எத்தனை வீடு மாறியும் அந்தப் புத்தகம் கூடவே வந்திருக்கிறது. அதில் ஒரு கையெழுத்து வாங்கித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பணம் கட்டும் முன் அந்த ஆளுக்கு நானே போன் செய்தேன். அவ்வளவு பணிவான குரல். அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்று சொன்னதும், "கவலையே படாதீங்க அக்கா, அப்பாவை முதல் வரிசையில், ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்" என்றார். அப்பாவுக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பழைய பதிப்பையே கொண்டு வாங்க, ஐயா பார்த்தால் அசந்துபோவார்" என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்? வங்கியிலிருந்து உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பப் போனால் ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டேன். நிறுவனக் கணக்கு இன்னும் திறக்கவில்லை, அது என் மனைவியின் கணக்கு என்றார். 256 வெள்ளி அனுப்பினேன். உடனே எழுத்தாளர் படம் போட்ட ரசீது வந்தது, அதில் இருக்கை எண்கூட இருந்தது.

நிகழ்ச்சி விக்டோரியா ஸ்ட்ரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தில், 16வது மாடியில். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் இருந்த பெண் எங்கள் பெயரைத் தேடினார். இல்லை. மறுபடியும் தேடினார். இல்லை. ரசீதைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. "அக்கா, இது இலவச நிகழ்ச்சி. இணையத்தில் பதிவு செய்தாலே போதும். நாங்கள் யாரிடமும் காசு வாங்கவில்லையே" என்றார்.

யாருக்கும் திறந்திருந்த ஓர் இலவச நிகழ்ச்சியின் இருக்கையைத்தான் எங்களுக்கு 128 வெள்ளிக்கு விற்றிருக்கிறார்!

அங்கேயே நின்று அந்த ஆளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. "சின்னக் குழப்பம் அக்கா, உள்ளே போய் உட்காருங்க, சாப்பாட்டில் நேரில் பேசலாம்" என்று மெசேஜ் மட்டும் வந்தது. அதற்குள் அரங்கம் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் பாவம், எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து கடைசியில் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரப் பேச்சில் அப்பாவுக்குப் பாதிகூடக் கேட்டிருக்காது. மற்றவர்கள் சிரிக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேச்சு முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை நின்றது, நாங்களும் நின்றோம். அப்போது அடுத்த மெசேஜ்: "வரிசையில் நிற்க வேண்டாம், ஐயா உங்களோடுதான் சாப்பிட வருகிறார், அங்கே நிதானமாக வாங்கிக்கலாம், கிளம்பி வாங்க." அப்பாவுக்கு முட்டி வலி வேறு. டாக்சி பிடித்து உணவகத்துக்குப் போனோம். அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்றார்கள். எங்களைப் போலவே கையில் புத்தகத்தோடு இன்னும் சிலர் அங்கே காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. திரும்ப ஓடியிருந்தாலும் பயனில்லை, நூலகத்தில் எல்லாம் முடிந்திருக்கும். எழுத்தாளர் மறுநாளே ஊர் திரும்பிவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கையெழுத்தையும் அந்த ஆள் கெடுத்துவிட்டார். 256 வெள்ளியை விட எனக்கு வயிறெரிவது இதற்குத்தான்.

அப்புறம் ஆரம்பித்தது சாக்குப்போக்கு. முதலில், ஐயாவுக்குத் திடீரென்று உடம்பு முடியவில்லை என்றார். பிறகு, உணவகம்தான் குளறுபடி செய்துவிட்டது என்றார். பணத்தைக் கேட்டால் "அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்". இன்னும் அழுத்திக் கேட்டால், "நீங்கள் உள்ளே போய்ப் பேச்சைக் கேட்டீர்களே, பிறகு எதற்கு முழுப் பணம்?" காது கேட்காத என் அப்பாவைப் பற்றி இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது? கடைசியாக, அடுத்த எழுத்தாளர் வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம், எங்கள் 256 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள் என்று குழுவில் எல்லாருக்கும் தெரிய எழுதினேன். உடனே குழுவிலிருந்து தூக்கிவிட்டார். இப்போது என் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான்.

வங்கியைக் கேட்டேன். நீங்களே அனுப்பிய பணம், எங்களால் அப்படியே திரும்ப எடுக்க முடியாது, போலீஸ் புகார் எண் இருந்தால் மேற்கொண்டு பார்க்கிறோம் என்றார்கள். புகார் கொடுத்தாகிவிட்டது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவு: நூலகத்தில் நடக்கிறது என்று சொல்லி யாராவது காசு கேட்டால் முதலில் நூலகத்தின் நிகழ்ச்சிப் பக்கத்தைப் பாருங்கள், அங்கே தமிழ் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம். நிறுவனம் என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பேநவ்வுக்கு அனுப்பச் சொன்னால், என்ன காரணம் சொன்னாலும் அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் மோசடியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் 1799 ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பணம் போய்விட்டால் 2 வருடத்துக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், என்னைப் போன்ற சின்னத் தொகைக்கு 10 வெள்ளிதான் கட்டணம். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். எனக்கு இப்போது அதுதான் சிக்கல்.

அதே ஆள் இன்னொரு எழுத்தாளர் படத்தைப் போட்டு, ஆளுக்கு 98 வெள்ளி என்று புதிதாக ஒன்றைச் சுற்றவிட்டிருப்பதாகத் தோழி சொன்னாள். உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள், யாருக்கும் தள்ளிவிடவும் வேண்டாம். அன்று உணவகத்தில் எங்களோடு காத்திருந்தவர்கள் இதைப் படித்தால், ரசீதையும் மெசேஜையும் அழித்துவிடாமல் நீங்களும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ஒரே ஒருத்தரோடு வந்த சின்னத் தகராறு என்று சொல்லி அந்த ஆள் தப்பிக்க விடக் கூடாது.