ஜோடி என்று விற்பதெல்லாம் ஜோடி அல்ல: கொழும்பில் ட்வார்ஃப் சிக்லிட் வளர்த்த அனுபவம்

வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் சில வருடங்களாக ட்வார்ஃப் சிக்லிட், அதாவது சிக்லிட் குடும்பத்தின் சிறிய வகை மீன்கள், வளர்த்து வருகிறேன். முதலில் ராம், அப்புறம் அபிஸ்டோகிராமா (சுருக்கமாக அபிஸ்டோ) ககாடுவாய்டஸ், நடுவில் கொஞ்சக் காலம் கிரிபென்சிஸ். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கொழும்பில் இவற்றை உயிரோடு வைத்திருப்பது பெரிய விஷயமில்லை. கடைத் தொட்டிக்கு முன்னால் நின்று எது ஆண், எது பெண் என்று பிரித்து எடுப்பதுதான் பாடு.

சிக்லிட் என்றதும் ஆஸ்கார், ஃபிளவர்ஹோர்ன் எல்லாம் ஞாபகம் வந்து, “மற்ற மீன்களைத் தின்றுவிடுமே” என்பார்கள். குளத்துத் திலாப்பியாவும் அந்தக் குடும்பம்தான், சரி. ஆனால் ராம் முழுதாக வளர்ந்தாலும் 5 சென்ரிமீற்றரைச் சுற்றித்தான் நிற்கும். ககாடுவாய்டஸ் ஆண் 8 வரை போகும், பெண் 5 உடன் நின்றுவிடும். கிரிபென்சிஸ் ஆண் மட்டும் 10 சென்ரிமீற்றரைத் தொடும். என்னுடைய தொட்டி மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப் பார்த்தால் 100 லீற்றருக்குச் சற்று மேல். இந்த மீன்களுக்கு உயரத்தைவிட அடித்தளத்தின் பரப்பே முக்கியம். எல்லைச் சண்டை எல்லாம் மணலில்தான் நடக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அவை கவனிப்பதே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் கொழும்புக்காரருக்கு அதிர்ஷ்டம். நமது குழாயில் வருவதில் பெரும்பகுதி களனி கங்கை நீர், அம்பத்தலையில் சுத்திகரித்து வருவது. ஈரவலய ஆறு என்பதால் அதில் உப்புகள் குறைவு, மென்மையான நீர். ராம் வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் பரந்து கிடக்கும் ஒரினோகோ சமவெளியின் சூடான, மென்மையான நீரில் வாழும் மீன்; ககாடுவாய்டஸ் மேற்கு அமேசன் பகுதியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நம் குழாய் நீர் ஒத்துப்போகிறது. குளோரின் மட்டும் போக வேண்டும். வாளியில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்தால் போதும். அவசரம் என்றால் கடையில் விற்கும் அன்ட்டி குளோரின். தொட்டியில் இரண்டு மூன்று கொட்டம்பா (நாட்டு வாதுமை) இலை எப்போதும் கிடக்கும். மரம் ஊரெல்லாம் நிற்கிறது, காய்ந்து விழுந்த இலைக்கு யாரும் காசு கேட்பதில்லை. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். வீட்டுக்கு வருகிற மாமிமார் “தொட்டி ஊத்தையாய்க் கிடக்கே” என்பார்கள், அதைப் பொருட்படுத்தக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் இதை அப்படியே பின்பற்ற முடியாது. அங்கே நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல், கிணற்று நீர் கடினமானது. ராம் அதில் சில காலம் இருக்கும், முட்டையும் இடும், ஆனால் குஞ்சு வருவது அரிது. என் ஒன்றுவிட்ட தம்பி மழைநீர் சேர்த்துக் கலந்து பார்த்துவிட்டு, கடைசியில் கிரிபென்சிஸுக்கு மாறிவிட்டான். அது நைஜீரியா, கமரூன் கரையோர மீன், கொஞ்சம் கடினமான நீரையும் தாங்கும். அவனுக்கு அதுவே நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

ஹீட்டர் நான் வாங்கவே இல்லை. வருடம் முழுவதும் தொட்டி 27 முதல் 30 பாகை வரை நிற்கிறது. ராமுக்கு இது மிகப் பொருத்தம், குளிர்ந்தால்தான் அதற்கு நோய் வரும். அபிஸ்டோவுக்கு ஏப்ரல் மாதம் சற்று அதிகம். அந்த நாட்களில் மூடியைத் திறந்து ஒரு சிறு விசிறியைத் தண்ணீர்ப் பரப்பை நோக்கி வைப்பேன், ஓரிரு பாகை இறங்கும்.

இனி ஆண், பெண் விஷயம்.

ராமில் பெண்ணைக் காட்டும் அடையாளம் வயிற்றில் தெரியும் இளஞ்சிவப்பு. முட்டை முதிர்ந்தால் அது நாவல் நிறத்துக்கு நெருங்கும். ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன் முட்கள் நீண்டு தனியே நிற்கும், உடல் சற்றுப் பெரிது. உடலின் நடுவில் உள்ள கறுப்புப் பொட்டுக்குள் நீலச் செதில்கள் மினுங்கினால் பெரும்பாலும் பெண். புத்தகத்தில் இருப்பதும் இதுதான், கடையில் பொய்த்துப் போவதும் இதுதான். காரணம் இரண்டு. கடைக்கு வருவது மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லாத குஞ்சுகள். அந்த வயதில் துடுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. இரண்டாவது, தலைமுறை தலைமுறையாக நிறத்துக்காகப் பொறுக்கி வளர்த்த வகைகள். எலக்ட்ரிக் புளூவில் உடம்பெல்லாம் நீலம், பொட்டும் இல்லை, வயிற்றுச் சிவப்பும் தெரியாது. கோல்ட் ராமில் கறுப்பே இல்லை. நீள்துடுப்பு வகையில் பெண்ணுக்கும் முதுகு முள் நீளம். போதாததற்கு, ஹோர்மோன் கொடுத்து நிறமேற்றும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. கடையில் பளபளவென்று நின்ற மீன் வீட்டுக்கு வந்து சில வாரத்தில் வெளிறினால் அதிசயப்பட வேண்டாம்.

“அண்ணே, இது ஷுவர் பெயார்” என்று கடைப் பையன் வலையில் அள்ளித் தந்த எலக்ட்ரிக் புளூ ஜோடி ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டும் கல்லைச் சுத்தம் செய்தன, சேர்ந்தே திரிந்தன, முட்டையும் வந்தது. மறுநாள் எல்லாம் வெள்ளை, குஞ்சு வராத முட்டை. அடுத்த முறையும் அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் இரண்டுமே முட்டையிடுவது தெரிந்தது. ஆண் இல்லாத இடத்தில் இரண்டு பெண் ராம்கள் இப்படிச் சேர்ந்துகொள்வது வழக்கமான விஷயம்தான். முட்டை வெளுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு: கடின நீர், அனுபவமில்லாத ஆண், பூஞ்சை. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் முட்டையிடுவதற்கு ஓரிரு நாள் முன் வயிற்றுக்கு அடியில் இறங்கும் சிறு குழாயைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அது தடித்து மொட்டையாக இருக்கும், ஆணுக்கு மெல்லிதாகக் கூராக இருக்கும். மற்ற நாட்களில் அது தெரியாது.

அதனால் நான் இப்போது ஜோடி என்று வாங்குவதே இல்லை. குஞ்சாக ஐந்தாறு எடுத்து ஒன்றாக வளர்க்கிறேன். சில மாதத்தில் இரண்டு மீன் தானாகப் பிரிந்து ஒரு மூலையைப் பிடித்து, மற்றவற்றைத் துரத்தத் தொடங்கும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். செலவு கூடத்தான். ஆனால் பெரிய மீனாகப் பார்த்து ‘ஜோடி’ விலை கொடுத்து ஏமாறுவதைவிட இது குறைவு. ராமின் ஆயுளே இரண்டு மூன்று வருடம்தான். கடையில் முழு வளர்ச்சியோடு மின்னுகிற மீன் அதில் எவ்வளவைக் கடந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியாது.

அபிஸ்டோவில் பிரச்சினை வேறு மாதிரி. வளர்ந்த ஆண் ககாடுவாய்டஸை யாரும் தவறவிட முடியாது: முதுகில் கொண்டை போல் நிமிர்ந்த முட்கள், வாலில் செம்மஞ்சள் புள்ளிகள், இரண்டு முனையும் நீண்ட வால். பெண் சிறியது, மங்கிய நிறம். சிக்கல் என்னவென்றால், அடங்கிப் போன இளம் ஆணும் அதே மங்கிய நிறத்தில்தான் திரியும். பெரிய ஆண் தன்னை அடிக்காமல் இருக்கவும், சந்தர்ப்பம் கிடைத்தால் முட்டை மேல் ஓடிப்போய் விந்திடவும் அது பெண் வேடத்தில் இருக்கும். பெரிய ஆணை அகற்றிய சில நாட்களிலேயே ‘பெண்’ ஒன்றுக்குக் கொண்டை முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். கடையில் நான் பார்ப்பது வயிற்றடித் துடுப்பை. அதன் முன் விளிம்பு கறுப்பாகவும் முனை உருண்டும் இருந்தால் பெண் என்று எடுப்பேன். முனை நூல் மாதிரி நீண்டிருந்தால் எவ்வளவு சிறிய மீனானாலும் விட்டுவிடுவேன். பெரும்பாலும் இது கைகொடுத்திருக்கிறது.

கொழும்பில் அபிஸ்டோப் பெண் ஏன் இவ்வளவு அரிது என்பதற்குக் கடைக்காரர் நிறமுள்ள ஆணையே விரும்பி எடுக்கிறார் என்பது ஒரு காரணம். மற்றது வெப்பம். ஜெர்மானிய ஆய்வாளர்கள் ரோமரும் பைசன்ஹெர்ட்ஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 37 அபிஸ்டோகிராமா இனங்களில் 33இல் குஞ்சுகளின் ஆண் பெண் விகிதத்தை வெப்பநிலை மாற்றியது. 23 பாகையில் வளர்ந்தவற்றில் பெண் அதிகம், 29 பாகையில் ஆண் அதிகம். சில இனங்களில் நீரின் அமிலத்தன்மைக்கும் பங்கு இருந்தது. பால் நிர்ணயமாவது முட்டையிட்ட பிறகு வரும் முதல் சில வாரங்களில். ஹீட்டர் இல்லாத நம் தொட்டி 29இல் நின்றால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. என் குஞ்சுக் கூட்டங்கள் எல்லாம் ஆண் கழகம். கண்டியில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அதே வம்சத்தில் பெண்கள் ஏராளம். இப்போது பெண் தேவைப்பட்டால் குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றி, ஏசி ஓடும் அறையில் வைக்கிறேன். மின் கட்டணத்தைப் பற்றி வீட்டில் பேச்சு வரும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கிரிபென்சிஸில் ஆண் பெண் பார்ப்பது சுலபம்: பெண் குட்டையாகக் குண்டாக, வயிறு செர்ரிச் சிவப்பு, ஆண் நீளம், துடுப்பு முனைகள் கூர். ஆனால் குஞ்சு பொரித்தால் மூன்றடித் தொட்டியில் மற்ற மீன்கள் எல்லாம் ஒரு மூலைக்குள் ஒடுங்க வேண்டும். அழகான மீன், என் தொட்டிக்குச் சரிவரவில்லை.

கூட்டுத் தொட்டியில் உடன் வைக்க எனக்கு மிகப் பிடித்தது செர்ரி பார்ப். விலங்கியலாளர் தெரணியகல 1929இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய, நம் ஈரவலய ஓடைகளுக்கே உரிய மீன். பண்ணைகளில் பெருக்கியது தாராளமாகக் கிடைக்கிறது. மேலே ஒரு சிறு கூட்டம் அமைதியாகத் திரிந்தால் சிக்லிட்களும் பயம் தெளிந்து வெளியே வரும். டைகர் பார்ப் வேண்டாம், துடுப்பைக் கடிக்கும். கொரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி பகலில் பரவாயில்லை, இரவில் முட்டையைத் தின்றுவிடும். எல்லாரும் டாங்க் கிளீனர் என்று வாங்கும் சக்கர் மீனும் அப்படித்தான். அது பெரிதாகி அலுத்ததும் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள், இன்று நம் நீர்நிலைகளில் அது ஒரு தொல்லை.

அபிஸ்டோவுக்கு ஒரு ஆண், இரண்டு பெண். பெண் ஒவ்வொன்றுக்கும் தனிக் குகை, ஒன்றை ஒன்று பார்க்காத மாதிரி நடுவில் வேரோ செடியோ. குகைக்குச் சிரட்டை போதும், ஓரத்தில் சிறு வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் உள்கூரையில் சிவப்பு முட்டைகளை ஒட்டும். முட்டை காக்கும் பெண் எலுமிச்சை மஞ்சளாக மாறி, கறுப்புக் கோடுகள் கீறிவிட்டதுபோல் தெளிவாகிவிடும். தன்னைவிட இரட்டிப்பு எடையுள்ள ஆணையே துரத்தும். அப்போது ஆணுக்கு ஒளிய இடம் இல்லாவிட்டால் கதை முடிந்தது. ராம் குகைக்குள் போகாது, தட்டைக் கல்லில் வெளியிலேயே இடும். முதல் சில முறை தன் முட்டையைத் தானே தின்னும், பொறுமையாக இருக்க வேண்டும்.

உணவுக்கு ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சும், உறைய வைத்த ரத்தப்புழுவும். நுளம்புக் குடம்பி மிக நல்ல உணவுதான், ஆனால் டெங்கு பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் “மீனுக்காக வளர்க்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள்!

2022 மின்வெட்டு மாதங்களில் ஸ்பொஞ்ச் பில்டரும் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பும்தான் தொட்டியைக் காப்பாற்றின. மூடிய குடுவைக்குள் வைக்கும் கனிஸ்டர் பில்டர் பல மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கும் நல்ல பக்டீரியா செத்து, மின்சாரம் வந்ததும் அந்த அழுக்கைத் தொட்டிக்கே திருப்பித் தரும். ஸ்பொஞ்ச் அப்படிச் செய்யாது. இன்றைக்கும் இரண்டு ஸ்பொஞ்ச் மட்டும்தான் ஓடுகிறது.

மிஞ்சும் ஆண் குஞ்சுகளைத் தெஹிவளைப் பக்கம் ஒரு கடையில் கொடுத்து, பதிலுக்குத் தீனி வாங்குகிறேன். பெண் குஞ்சு என்றால் அங்கே காசாகவே தருகிறார்கள், முன்கூட்டிச் சொல்லி வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.