ரிம்முக்கு ரப்பரா, பவுடரா? சேலத்து ரோட்டுக்கும் ஏற்காடு இறக்கத்துக்கும் எது தாங்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரில் முன் கிரில், லோகோ, பக்கக் கண்ணாடிக் கவர், குரோம் பட்டி மாதிரி இடங்களுக்கு உரித்து எடுக்கக்கூடிய ரப்பர் கோட்டிங்கைத் தாராளமாக அடிக்கலாம். வீலுக்கு அடிப்பதற்கு முன்னால்தான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அதுவும் வாரம் தவறாமல் ஏற்காடு ஏறி இறங்குகிற ஆளாக இருந்தால் நன்றாகவே யோசிக்க வேண்டும். நம் ஊரில் இதற்குப் போட்டியாக இருப்பவை மூன்று: பவுடர் கோட்டிங், பட்டறையில் ஹார்டனர் (பெயின்டைக் கெட்டியாக்குகிற சரக்கு) கலந்து அடிக்கிற டூ-கே பெயின்ட், வினைல் ஸ்டிக்கர். நான்கையும் ஒரே தராசில் வைத்து எது பெஸ்ட் என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் வீலில் ஜெயிப்பது கிரில்லில் தோற்றுவிடும்.

ரப்பர் கோட்டிங்கில் பேர் வாங்கியது பிளாஸ்டி டிப். அமெரிக்காவில் 1972 முதல் இருக்கிற கம்பெனி. ஆரம்பத்தில் இது காருக்கு வந்த சரக்கே இல்லை, கட்டிங் பிளேயர் மாதிரி டூல்களின் கைப்பிடியை முக்கி எடுத்து ரப்பர் பிடி போடுவதற்கு வந்தது. அப்புறம் ஸ்ப்ரே டப்பாவில் வந்ததும் கார்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். டப்பாவில் இருக்கிற கரைப்பான் காற்றில் பறந்துபோய், பின்னால் ஒரு ரப்பர் தோல் மட்டும் நிற்கும். அந்தத் தோல் கீழே இருக்கிற பெயின்டைக் கடித்துக்கொள்ளாது, மேலே படிந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். இதன் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. வேண்டாம் என்றால் நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி இழுத்துவிடலாம், ஆனால் உங்களுக்கு உரிந்து வருவது டயர் கடைக்காரரின் லீவருக்கும் உரிந்து வரும்.

பவுடர் கோட்டிங் இதற்கு நேர் எதிர். சேலத்தில் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் போடுகிற இடங்களுக்குப் பஞ்சமில்லை, வேலை எப்படி நடக்கும் என்று பலரும் பார்த்திருப்பீர்கள். பழைய பெயின்டை மொத்தமாக எடுத்துவிட்டு, மின்னேற்றம் கொடுத்த பொடியைத் தூவி, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்து உருக்கிப் பிடிக்க வைப்பார்கள். ஜல்லி தெறித்தாலும் பெட்ரோல் பட்டாலும் லேசில் அசையாது. ஆனால் டயரைக் கழற்றியாக வேண்டும், வண்டி ஓரிரு நாள் ஸ்டாண்டில் நிற்கும், நிறம் பிடிக்கவில்லை என்றால் திரும்ப முதலிலிருந்து எல்லாம்.

அலாய் வீலை பவுடருக்குக் கொடுக்கும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: பழைய பெயின்டை எப்படி எடுப்பீர்கள்? இரும்பு கேட்டுக்குப் பழகிய கை, சூளையில் வைத்து எரித்து எடுக்கலாம் என்று நினைக்கும். அலுமினிய வீலுக்கு அது ஆகவே ஆகாது. வீலுக்கு உறுதி வருவதே தொழிற்சாலையில் அளவு பார்த்துக் கொடுத்த சூட்டினால்தான், அதற்கு மேல் கண்டபடி சூடேற்றினால் உலோகம் இளகிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கெமிக்கல் போட்டோ மணல் மாதிரி துகளை மெதுவான அழுத்தத்தில் அடித்தோ எடுப்பேன் என்று சொன்னால் கொடுங்கள். விரிசல் விட்ட வீல், பள்ளத்தில் விழுந்து வளைந்த வீல் எதுவானாலும் முதலில் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் கோட்டிங் பேச்சு. பவுடர் தோல் விரிசலை அழகாக மூடி மறைத்துவிடும், ஆபத்து அதில்தான்.

இன்னொன்று, இப்போது வருகிற கார்களின் டாப் மாடல்களில் பலவற்றுக்கு டைமண்ட் கட் அலாய் வருகிறது, முகம் வெள்ளியாக லேத்தில் கடைந்து, பள்ளமெல்லாம் கறுப்பாக இருக்குமே, அது. அதைப் பவுடருக்குக் கொடுத்தால் அந்த வெள்ளி முகம் போனது போனதுதான், திரும்ப வேண்டுமென்றால் மறுபடி லேத். முழுக் கறுப்பாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆசை மட்டும் இருக்கிறது, மூன்று வருஷத்தில் வண்டியை விற்கவும் போகிறேன் என்கிற ஆளுக்கு ரப்பரைத் தவிர வேறு வழி சொல்ல மாட்டேன். அடித்து ஓட்டுங்கள், விற்கிற அன்றைக்கு உரியுங்கள், உள்ளே கம்பெனி வீல் அப்படியே இருக்கும். ஆனால் வீலின் மேல் இருக்கிற கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கிற கண்ணாடி மாதிரியான படலம்) ஏற்கெனவே ஓரத்தில் பூத்துக் கிளம்பியிருந்தால் ரப்பர் உரியும்போது அதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். அடிப்பதற்கு முன்னாலேயே விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு, உயரம் சுமார் 1500 மீட்டர். ஏறும்போது வீலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, விஷயம் இறங்கும்போதுதான். இரண்டாவது கியரில் என்ஜினை வைத்துப் பிடித்து இறங்குகிறவருக்கு ரப்பர் தாங்கும். நியூட்ரலில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறவருக்கு (தினமும் பார்க்கிறோமே, அடிவாரத்தில் கருகல் வாசனையோடு நிற்கிற வண்டிகளை) வீல் கோட்டிங் கடைசிக் கவலையாக இருக்க வேண்டும், ஆனாலும் சொல்கிறேன். ரப்பர் தோல் காய்ந்த பிறகு தாங்குகிற சூடு 93 டிகிரி வரைக்கும்தான். டிஸ்க் அதைவிடப் பல மடங்கு போகும். ரிம் அந்த அளவுக்குச் சுடாது என்றாலும் டிஸ்க்கிலிருந்து தெறிக்கிற பிரேக் தூள் இருக்கிறதே, அந்தச் சூடான இரும்புப் பொடி ரப்பரின் சொரசொரப்பில் போய்ப் பதிந்துகொள்ளும். பவுடரில் என்றால் துணியால் துடைத்தால் போய்விடும். ரப்பரில் தேய்க்க ஆரம்பித்தால் முதலில் திட்டுத் திட்டாகப் பளபளக்கும், அப்புறம் ஓரம் கிளம்பும். முன் வீல் இரண்டிலும்தான் இது அதிகம். ஆகவே மலைக்காரர்கள் ரப்பர் அடித்தால் கறுப்பு அல்லது கரும்சாம்பல் அடியுங்கள். வெள்ளை ரப்பர் போட்டோவில் மட்டும் வெள்ளையாக இருக்கும்.

ஆனால் சூட்டைவிட ரப்பர் கோட்டிங்குக்குப் பெரிய எதிரி நம் ஊர் வாட்டர் வாஷ்தான். அண்டர்சேசிஸுக்கு டீசல் அடிக்கிற பழக்கம் இன்னும் பல இடங்களில் போகவில்லை. வேண்டாம் என்று சொன்னாலும், "அண்ணா, டீசல் அடிச்சாத்தான் பளபளன்னு இருக்கும்" என்று பையன் பாட்டுக்கு வீலுக்கும் சேர்த்து ஒரு சுற்று அடித்துவிடுவான். பெட்ரோல், டீசல், தின்னர் மூன்றுமே இந்த ரப்பருக்கு ஆகாது, ஊறி இளகி கையில் பிசுபிசுவென்று வந்துவிடும். டேங்க் மூடிக்குக் கீழே பெட்ரோல் ஒழுகிய இடத்தில் மட்டும் தோல் சுருங்கியிருப்பதைப் பார்த்தால் புரியும். பிரஷர் கன்னை ஓரத்துக்குக் கிட்டே பிடித்தாலும் அதே கதைதான். ரப்பர் அடித்த வண்டியை வீட்டிலேயே ஷாம்பு, வாளி, துணி வைத்துக் கழுவுகிறவராக இருந்தால் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் வரும். கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவருக்கு ஆறு மாசத்துக்கு மேல் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அடுத்தது டயர் கடை. வீல் பேலன்சிங்குக்கு ரிம்மின் உள்பக்கம் ஒட்டுகிற சின்ன எடைக்கட்டி இருக்கிறதல்லவா, அது ஒட்டுவது ரப்பர் தோலின் மேல் என்றால், தோலோடு சேர்ந்து ஒரு நாள் ஹைவேயில் பறந்துவிடும், அப்புறம் எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். அதனால் ரிம்மின் உள்பக்கத்தில் ரப்பர் படாமல் விடுங்கள். நட்டு உட்காருகிற குழியிலும், வீல் ஹப்போடு சேருகிற முகத்திலும் படவே கூடாது. அங்கே உலோகத்தோடு உலோகம் நேராக இறுக வேண்டும், நடுவில் ரப்பர் இருந்தால் நட்டு லூசாகும். அடிக்கும்போது பழைய நட்டையோ பேப்பர் உருண்டையையோ குழியில் வைத்துவிடுங்கள். டயருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம், பழைய சீட்டுக்கட்டை எடுத்து ஒவ்வொரு சீட்டாக ரிம்முக்கும் டயருக்கும் நடுவே செருகிக்கொண்டு வந்தால் சுற்றி ஒரு வேலி மாதிரி நிற்கும், கால் மணி நேர வேலை.

ஸ்டீல் ரிம் வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு முழுக்கப் பவுடருக்குத்தான். ஜல்லி பட்டு அங்கங்கே துரு பிடித்த ரிம்மின் மேல் ரப்பரைப் போர்த்தினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு துரு நிம்மதியாக வளரும். வீல் கப் இருக்கிறதென்றால் அந்தப் பிளாஸ்டிக் கப்புக்கு மட்டும் ரப்பர் அடித்துக்கொள்ளுங்கள், சொதப்பினால்கூட நஷ்டம் பெரிதில்லை.

அங்கேதான் ஆட்டம் மாறுகிறது. வீல் கப், கிரில், கண்ணாடிக் கவர் எல்லாம் பிளாஸ்டிக், 180 டிகிரி அடுப்பில் வைத்தால் அடை மாதிரி படுத்துவிடும், பவுடர் இந்தப் போட்டியிலேயே கிடையாது. மிச்சம் ரப்பர், வினைல், பெயின்ட். ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற குரோம் பட்டியைக் கறுப்பாக்க வினைல்தான் சரி. நேர்க்கோடு, ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டி இழுத்து ஒட்டினால் கம்பெனி வேலை மாதிரி இருக்கும், சுற்றி டேப் ஒட்டி நாள் முழுக்க உட்கார வேண்டியதில்லை. கூரைக்கும் அதுதான். ஆனால் கிரில்லின் தேன்கூட்டு வலைக்குள் வினைலை ஒட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். வீலின் கம்பிகளுக்கும் அதே நிலைமைதான், வளைவுக்கு வளைவு வினைல் இழுபட்டு, நாலு வெயிலில் முனை சுருண்டுவிடும்.

லோகோவுக்கு ரப்பரை மிஞ்ச ஆளே இல்லை. எழுத்தைச் சுற்றி டேப் வெட்டவே வேண்டாம். லோகோவையும் சுற்றி ஒரு சாண் இடத்தையும் சேர்த்தே அடித்துவிடுங்கள், வெளியோரத்தில் மட்டும் டேப். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு எடுத்தால் தோலும் கிழிந்து வரும். நாலு மணி நேரம் காயவிட்டு, எழுத்தின் விளிம்பை ஒட்டி ஒரு பல்குச்சியால் அழுத்திக்கொண்டே வந்தால் அந்தக் கோட்டில் தோல் அறுபடும். அப்புறம் சுற்றியிருப்பதை உரித்தால் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். பம்பரின் அடியில் பெயின்ட் இல்லாத சொரசொர கறுப்புப் பிளாஸ்டிக் இருக்கும், அதில் அடிக்காதீர்கள், உரிக்கும்போது ஒரு குழி விடாமல் சுரண்டி எடுக்க வேண்டிவரும்.

பின்லைட்டைப் புகை நிறமாக்குகிறேன் என்று அதன் மேல் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மே மாசத்திலும் பனி மூட்டம் இறங்குகிற மலை ரோட்டில் பிரேக் லைட்டை மங்கலாக்கிக்கொண்டு போவது வீரம் இல்லை. வண்டி முழுக்க நிறம் மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டூ-கே பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரில், கண்ணாடிக் கவர் நிரந்தரமாகப் பளபளக் கறுப்பாக வேண்டுமென்றால் அதுதான், பெட்ரோலுக்கும் அசையாது, ஒரு கீறலை அந்த இடத்தில் மட்டும் சரிசெய்யவும் முடியும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கிற ரசாயனம் இருக்கிறது, சாதாரணத் துணி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் அடிக்கிற சரக்கு இல்லை. பட்டறையில் பூத் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

ரப்பரை மட்டும்தான் நாமே வீட்டில் அடிக்க முடியும், அதற்கும் நேரம் காலம் உண்டு. சேலத்துச் சித்திரை வெயிலில் மத்தியானம் அடித்தால் துளி வீலில் போய் விழுவதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்துவிடும், மேல்பரப்பு உப்புத்தாள் மாதிரி ஆகும். ஏற்காட்டு மூட்டத்தில் அடித்தால் காயவே காயாது. கீழே, நிழலில், காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், புழுதி லாரி போகாத சந்தில் அடியுங்கள். மாமாங்கம் பக்கம் வீடு இருப்பவர்கள் மேக்னசைட் சுரங்கத்துப் புழுதியை மனசில் வைத்துக்கொண்டு முதலில் வாசலைத் தண்ணீர் தெளித்து அமர்த்துங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, டப்பாவுக்குள் இருப்பது டொலுயீன் வகைக் கரைப்பான்கள், குப்பென்று பற்றும். ஒரு வீலுக்கு ஒரு டப்பா என்று கணக்கு வையுங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதல் கோட் அடியில் இருப்பது பாதி தெரிகிற மாதிரி லேசாக, அப்புறம் சுமார் அரை மணி நேரம் விட்டு விட்டு நாலைந்து கோட். பத்தாது என்று கஞ்சத்தனம் பண்ணினால் உரிக்கிற அன்றைக்குத் தெரியும், தாளாக வர வேண்டியது பொடிப் பொடியாக வரும். அப்படி வந்தால் சுரண்டாதீர்கள், அதன் மேலேயே இன்னும் இரண்டு கோட் கனமாக அடித்துக் காயவிட்டு உரித்தால் மொத்தமாக வந்துவிடும்.

எனக்கென்று ஒரு வண்டிக்கு முடிவு சொல்லச் சொன்னால்: கீறல் விழுந்த அலாயாக இருந்தால் முதலில் ரப்பரில் நிறத்தைப் பார்த்துக்கொண்டு, பிடித்துவிட்டால் அடுத்த டயர் மாற்றும்போது அதே நிறத்தில் பவுடர். எப்படியும் டயர் கழற்றத்தான் போகிறார்கள், கூலி மிச்சம். லோகோவுக்கும் கிரில்லுக்கும் ரப்பர் அப்படியே இருக்கட்டும், ஜன்னல் பட்டிக்கு வினைல். பவுடர் அடித்த வீலை மாட்டியதும் நேராக மலைக்கு விடாமல், டவுனுக்குள் 50 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நட்டை ஒரு தடவை ஸ்பானர் போட்டு இறுக்கிப் பாருங்கள். குழியில் பொடி கொஞ்சம் படிந்திருந்தால்கூட அது அமுங்கி நட்டு கொஞ்சம் இளகியிருக்கும்.