உருவமா, டிஎன்ஏவா: இனம் கண்டுபிடிக்க எதை நம்பலாம்?

செடி, பூச்சி புராஜெக்ட் பண்றவங்க நிறைய பேரு, அது எந்த இனம்னு (ஸ்பீஷீஸ்) உருவத்தை வச்சுப் பாக்கவா, டிஎன்ஏ பார்கோடிங் (ஒரு சின்ன ஜீன் துண்டைப் படிச்சு டேட்டாபேஸோட ஒப்பிடுறது) போகவான்னு குழம்புறாங்க.

செலவு: உருவம்னா மைக்ரோஸ்கோப்பும் நல்ல புக்கும் போதும். டிஎன்ஏன்னா லேப், கெமிக்கல், சீக்குவென்சிங் (டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்கிறது)னு இழுத்துக்கிட்டே போகும்.

நம்பகம்: விஷயமே இங்கதான். கோஸ்டா ரிகாவுல அஸ்ட்ராப்டஸ் ஃபல்ஜரேட்டர்னு ஒரே இனமா நெனச்சிட்டிருந்த பட்டாம்பூச்சி, வளந்தப்புறம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், ஆனா புழு வேற வேற நிறம், திங்குற செடியும் வேற, 2004ல சிஓஐங்கிற, விலங்குகளுக்குப் பார்கோடா எடுக்குற ஜீனையும் சேத்துப் பாத்துட்டு 10 இனம் இருக்குன்னுட்டாங்க (அந்த எண்ணிக்கைல அப்புறம் சண்டை வந்துச்சு, அது தனிக்கதை). அதே ஜீன் செடிக்கு சரிப்படாது, ஆர்பிசிஎல், மேட்கேன்னு வேற ஜீன் எடுக்கணும், அதுலயும் நெருங்கின இனங்க பல நேரம் பிரியாது.

வசதி: முட்டை, ஒடிஞ்ச கால் மட்டும் கையில இருந்தா டிஎன்ஏதான் கைகொடுக்கும். டேட்டாபேஸ்ல அந்த இனம் இல்லன்னா மேட்ச் வராது, அவ்ளோதான்.

பூவோட செடி, முழு பூச்சின்னா பெரும்பாலும் உருவமே போதும்ங்க. லார்வா, துண்டு துக்கடான்னா டிஎன்ஏ. புது இனத்துக்குப் பேரு வைக்கப் போறீங்கன்னா ரெண்டையும் பண்ணுங்க, டைப் ஸ்பெசிமனை (அந்தப் பேருக்கு ஆதாரமா வைக்கிற மாதிரி) மியூசியத்துல வைக்காம வெறும் பார்கோடை நீட்டுனா பேப்பர் ரிவ்யூல கேள்வி மேல கேள்வியா வரும்.