கூட்டுறவுக் குடியிருப்பின் பொது முற்றம்: உள்ளே வசிப்பவரின் மதிப்பீடு

நான் உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுக் குடியிருப்பில் வீடுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அறைகள் போதுமான அளவில் இருக்கின்றன. பராமரிப்புக் கட்டணமும் நியாயமானதே. இங்கே வீடு வாங்க நினைப்பவர்கள் நின்று கவனிக்க வேண்டியது, கட்டடங்களுக்கு நடுவே விடப்பட்டிருக்கும் பொது முற்றத்தைத்தான்.

புல்லும் மரங்களும் சாதாரணமானவை. ஆனால் எல்லாப் படிக்கட்டுகளும் முற்றத்துக்குள்தான் இறங்குகின்றன. தெருவுக்குப் போக வேண்டுமானால் அதைக் கடந்தே ஆக வேண்டும். தபால் பெட்டிகளும் மிதிவண்டி நிறுத்தமும் பொதுச் சலவை அறையும் அதன் ஓரத்திலேயே இருக்கின்றன. வெளியிடங்களில் மனிதர்கள் செய்பவற்றை, செய்தே தீர வேண்டியவை, விரும்பிச் செய்பவை, பிறரோடு கூடிச் செய்பவை என்று டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் மூன்றாகப் பிரித்தார். முதல் இரண்டுக்கும் இடம் நன்றாக அமைந்தால் மூன்றாவது அவற்றிலிருந்தே பிறக்கும் என்பது அவர் கருத்து. சலவை அறை வாசலில் கிடக்கும் மரப் பெஞ்சு அதற்குப் போதுமான சான்று. இயந்திரம் நிற்கும்வரை காத்திருக்க உட்காருகிறவர்கள், துணி துவைந்து முடிந்த பிறகும் எழுந்து போவதில்லை. புதிதாகக் குடிவந்தவர்களின் பெயர் மற்றவர்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் அங்கேதான்.

தரைத்தள வீடுகளுக்கு முன்னால் முழங்கால் உயரச் சுவரோடு சிறு தோட்டத் துண்டு விட்டிருப்பதும் நல்ல யோசனை. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதியவர் தன் வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறார். ஆனாலும் போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்கள். வழக்கமாக வருகிற ஒருவர் வராவிட்டால், உடம்புக்கு என்ன என்று முதலில் விசாரிப்பவரும் அவரே.

இந்த இடம் யாருடையது என்பதும் முக்கியம். கூட்டுறவில் வீட்டின் அளவு எதுவானாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். ஆகவே முற்றத்தின் விதிகளை நாங்களே முடிவு செய்கிறோம். நிர்வாகக் குழு யாரையும் கேட்காமல் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை வைத்தபோது பொதுக்குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. சன்னலோரம் தூங்க வேண்டியிருந்த இரவுப்பணிக்காரரின் குறையும் நியாயமானது, ஓட இடம் கேட்ட பிள்ளைகளின் கோரிக்கையும் நியாயமானது. கடைசியில் விளையாட்டுக்கு ஒரு மூலையும் நேரமும் குறிக்கப்பட்டன, பலகை அகற்றப்பட்டது. அதுவரை கூட்டங்களுக்கே வராத பல குடும்பங்கள் அன்றிலிருந்து வரத் தொடங்கின.

குறைகளும் உண்டு. பின்கட்டில் உள்ள காலியிடத்தை எந்தச் சமையலறை சன்னலும் பார்ப்பதில்லை, எந்த வாசலும் அங்கே திறப்பதில்லை. பரப்பில் முற்றத்துக்குக் குறையாத அந்த இடத்தில் பழைய மரச்சாமான்கள்தான் சேர்கின்றன. திறந்தவெளி எத்தனை சதவீதம் என்று விளம்பரத்தில் போடும் கணக்கை நான் நம்பாததற்கு இதுவே காரணம். தோட்ட ஒப்பந்தக்காரர் விளையாட்டு மூலையைச் சுற்றி உயரமான புதர்ச்செடிகளை நட்டதால், பிள்ளைகள் வீட்டிலிருந்து பார்க்கும் கண்களுக்கு மறைந்துபோனார்கள். இடுப்பளவுக்கு வெட்டிய பிறகே நிலைமை சரியானது. நான்கு பக்கமும் சுவர்கள் இருப்பதால் பேச்சுக் குரல் மேல்மாடிவரை எழும்புகிறது. அமைதி வேண்டுபவர்கள் தெருப்பக்க வீட்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

எனக்குப் பெரிய வருத்தம், தெருக் கதவு பகலிலும் பூட்டியிருப்பதுதான். சூரிக் நகரில் கால்க்பிரைட்டே கூட்டுறவு 2014இல் குடியேறிய கட்டடத்தில், டிராம் வண்டிகள் நிற்கும் கூடத்தின் மேல்தளத்தையே முற்றமாக்கி, அதைத் தெருவில் போகிறவர்களுக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் முற்றத்தைப் பகல் பொழுதிலாவது அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடலாம் என்பது என் எண்ணம். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பவர்கள் இன்னும் பெரும்பான்மையாக இருக்கிறார்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் தனியே வாழும் பெரியவர்களுக்கும் இந்தக் குடியிருப்பைத் தயங்காமல் சொல்வேன். சக்கர நாற்காலியில் செல்பவர்கள் மட்டும் வீடு தேர்ந்தெடுக்கும் முன் சரிபார்க்க வேண்டும்: சாய்தளம் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது, மறுபக்கத்துக்கும் கட்டும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது.