பற்றரியும் திறப்பும்: யாழ்ப்பாணத்தில் பகிர்வு வேலையறை, நீண்டகாலப் பாவனையில்

பலர் ஒரே இடத்தில் சந்தா கட்டி, அவரவர் வேலையைச் செய்வதுதான் பகிர்வு வேலையறை. அதற்குப் புதிதாக வருகிறவர் கேட்பது இன்ரநெற் வேகம். வருடக்கணக்கில் பாவித்தவர் கேட்பது வேறு: பற்றரிக்குத் தண்ணி விடுவது யார், திறப்பு யாரிடம்?

இந்தப் பகிர்வு வேலையறையைக் கோவேர்க்கிங் என்ற பெயரோடு முதலில் நடத்தியவர் பிராட் நியூபர்க். 2005 ஓகஸ்ட் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில், ஸ்பைரல் மியூஸ் என்ற இடத்தில், கிழமைக்கு 2 நாள் மேசை போட்டுக் காத்திருந்தார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. பிலடெல்பியாவில் 2007இல் திறந்த இண்டி ஹோல் மறுவளமாகப் போனது: ஆக்கள் கோப்பிக் கடைகளில் கூடிப் பழகி, இடத்தைப் பிறகுதான் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வழிதான். அது இங்கே புதினமும் இல்லை. சனசமூக நிலைய வாசிகசாலைகள் சந்தா, நிர்வாகசபை, பொது மேசை, கணக்குக் கொப்பி என்று இதைத்தானே செய்துவந்தன. நிர்வாகசபைச் சண்டையும் அங்கிருந்தே கூட வந்துவிட்டது, அது வேறு கதை.

முதலில் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டு நாடே இருண்டது. ஆகவே "இப்ப கட் இல்லைத்தானே" என்று பற்றரியைத் தள்ளிப்போடுகிற இடத்தில் சேரவேண்டாம்.

10 பேருக்கான கணக்கு இது. லப்டொப் ஒன்றுக்கு 45 வாட்படி 450; கூரை ஃபான் 4க்கு 280; 18 வாட் எல்.ஈ.டி. ரியூப் 6க்கு 108. ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் 20. கூட்டினால் 858 வாட். 12 வோல்ற், 200 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி இரண்டில் 4,800 வாட்-மணி இருக்கும். அதில் பாதிக்குமேல் இறக்கினால் பற்றரி கெதியாய்ச் செத்துப்போகும். மிச்சம் 2,400இல், பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் 15 வீதம் தின்றுவிட, கைக்கு வருவது 2,040. அதாவது 2 மணி 20 நிமிடம். ஃபான் நாலையும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபானாக மாற்றினாலே அது 3 மணிக்குக் கிட்டப் போகும். இன்னொரு பற்றரி வாங்கமுதல் செய்யவேண்டிய வேலை இதுதான். இது புதுப் பற்றரியின் கணக்கு. எங்கள் வெக்கைக்கு இரண்டு வருடம் போனால் நேரம் கண்கூடாகக் குறையும்.

இன்வேர்ட்டர் லைனில் கேத்திலையும் லேசர் பிரின்டரையும் கொழுவ விடாதீர்கள். 1,500 வாட் கேத்தில் ஒன்று போதும், எல்லாம் விழுந்துவிடும். அந்த பிளக்குகளுக்குத் தனி லைன் இழுத்து, சுவரில் சிவப்புப் பெயின்ற் அடித்துவிடுவது நல்லது. எழுதி ஒட்டினால் ஒருவரும் வாசிப்பதில்லை.

பற்றரித் தண்ணி மாதம் ஒருமுறை, சித்திரை வைகாசியில் இரண்டு முறை பார்க்கவேண்டும். காய்ச்சி வடித்த தண்ணி மட்டும்தான். அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணி விட்டால், சுண்ணக்கல் ஊரில் என்ன நடக்குமென்று கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும். பற்றரி சார்ச் ஆகும்போது எரியக்கூடிய வாயு வரும். அதனால் அடைத்த ஏசி அறையில் வைக்காமல், காற்றோடும் பின்விறாந்தையில் வையுங்கள்.

கரண்ட் போய் இன்வேர்ட்டர் பிடிக்கிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ரூட்டர் அணைந்து எழும்பினால், 2 நிமிடம் எல்லாருடைய இன்ரநெற் கோலும் (அழைப்பும்) போச்சு. இன்வேர்ட்டரை, கரண்ட் போனதும் கெதியாய்ப் பற்றரிக்கு மாறும் யூ.பி.எஸ். நிலைக்கு மாற்றி, ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் கையளவு டி.சி. யூ.பி.எஸ். ஒன்று தனியாகக் கொடுங்கள். 4ஜியை மாற்றுவழியாக வைத்திருப்பது சரி, ஆனால் கரண்ட் நீண்ட நேரம் இல்லாவிட்டால் போன் கோபுரத்துப் பற்றரியும் இறங்கிவிடும். ஐப்பசி கார்த்திகை இடிமின்னலில் ஃபைபர் வயருக்கு ஒன்றும் ஆகாது. எரிவது அடப்ரரும், பக்கத்துக் கட்டடத்துக்கு இழுத்த செப்பு நெற்வேர்க் வயரும்தான்.

திறப்பின் சிக்கல், வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு இங்கிருந்து வேலை செய்கிறவர்களின் நேர வித்தியாசத்தில் தொடங்குகிறது. லண்டனில் காலை 9 என்றால் இங்கே கோடையில் பின்னேரம் 1.30, குளிர்காலத்தில் 2.30. ரொறன்ரோவின் 9 மணி எங்களுக்கு இரவு 6.30 அல்லது 7.30. சிட்னியின் 9 மணி விடியப்புறம் 4.30, அவர்களுடைய கோடையில் 3.30. பின்னேரம் 5 மணிக்குப் பூட்டும் இடம் ரொறன்ரோ வேலைக்காரருக்கு உதவாது. மூன்று திறப்பு அளவு. ஐந்தைத் தாண்டினால் பூட்டாமல் போனது யாரென்று கண்டுபிடிக்கவே ஏலாது. பற்றரியில் ஓடும் டிஜிற்றல் பூட்டைவிட ஆமைப்பூட்டும், மேசையில் கையெழுத்துக் கொப்பியும் நம்பகமானவை. இரவில் கடைசியாக இருவர் சேர்ந்தே வெளிக்கிடவேண்டும் என்ற விதி பெண்களுக்காகப் போட்டதென்றாலும் எல்லாருக்கும் வசதி. இந்த விதி இல்லாத இடங்களில் பின்னேரத்துக்குப் பிறகு ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் இடைச்சுவர் கூரைவரை போவதில்லை. கோல் அறைக்குக் கதவு போட்டும் சத்தம் மேலால் வருவது அதனாலேயே. அந்த அறைக்கு மட்டும் சீலிங் அடித்து, ஒரு சுவரில் புத்தக அலுமாரி, மற்றதில் பஞ்சு மெத்தை நிறுத்தினால் பாதிக்குமேல் அடங்கும். கண்ணாடிக் கூண்டு எதிரொலிக்கும், வெக்கையும் வேறு.

காசு விசயத்தில், வெளிநாட்டுக்காரர் ஏசி பூட்டித் தருவார்கள், படமும் எடுப்பார்கள். கரண்ட் பில் கட்ட ஆள் வராது. சந்தா மாத வாடகை, பில், துப்புரவு மூன்றையும் தாங்கவேண்டும். அதோடு பற்றரி விலையில் முப்பதில் ஒரு பங்கை மாதாமாதம் ஒதுக்கினால், இரண்டரை வருடத்தில் மாற்றும்போது உண்டியல் குலுக்கவேண்டி வராது.

வீடு பார்க்கப் பின்னேரம் 3 மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரில் கை வைத்தால் வெக்கை தெரியும். நல்லூர்க் கோயிலடி என்றால் திருவிழா 25 நாளும் வீதித் தடை இருக்கும். எந்தக் கோயிலடி என்றாலும் மார்கழித் திருவெம்பாவைக்கு விடிய ஸ்பீக்கர் போடுவார்களா என்று அயலில் விசாரியுங்கள். சிட்னிக் கோல் அந்த நேரத்தில்தான் வரும்.