மாவு பொங்கியது, விசிறி சுற்றவில்லை

நண்பர் ஒருவர் போன வாரம் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி) ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "அண்ணா, உங்க வண்டியில இருக்கிற அதே கேஸ் ஃபிரிட்ஜ்தான் இதுலயும். அஞ்சு வருஷமா வெச்சிருக்கீங்களே, எப்படி?" சட்டென்று பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதில் கம்ப்ரசர் கிடையாது. குழாய்க்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். கீழே ஒரு சின்ன நீலச் சுடர் எரிகிறது, மேலே ஐஸ் உறைகிறது. இன்றைக்கும் எனக்கு இது வித்தைதான். டெக்சாஸின் பிக் பெண்ட் பூங்காவில் கரண்ட் இணைப்பே இல்லாமல் நான்கு நாள் கிடந்திருக்கிறோம். தயிர் கெட்டித் தயிராகவே இருந்தது. இரவில் ஒரு முனகல்கூடக் கிடையாது. வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தினால் போதும்.

இதெல்லாம் ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கம் இருக்கிற இரண்டு விசிறிகள் சுற்றும் வரைக்கும்தான்.

ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள சூடு வண்டிச் சுவரின் கீழ் ஜன்னல் (காற்றுத் திறப்பு) வழியாகக் காற்றை இழுத்து, மேலே கூரை வழியாகத் தானே வெளியேற வேண்டும். புகைக்கூண்டு மாதிரி. எங்கள் வண்டியில் ஃபிரிட்ஜ் ஸ்லைட்-அவுட்டில் இருக்கிறது, அதாவது வண்டி நின்றதும் சுவரோடு வெளியே நகரும் பகுதியில். அதற்கு மேலே கூரை ஓட்டை வைக்க வழியில்லை. மேல் ஜன்னலும் பக்கச் சுவரிலேயே. சூடு மேலே போய் முட்டி, திரும்பி, வெளியே வர வேண்டும். தானாக வராது என்றுதான் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருப்பது போன்ற 12 வோல்ட் விசிறிகளை அங்கே மாட்டியிருக்கிறார்கள்.

போன மே மாதக் கடைசி, அதே பிக் பெண்ட், ரியோ கிராண்டே கரை. வெளியே 104 டிகிரி ஃபாரன்ஹீட். காலையில் கதவைத் திறந்தால் இட்லி மாவு டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து கிடக்கிறது. உள்ளே 52 டிகிரி. 40க்குக் கீழே இருக்க வேண்டியது. "இது ஃபிரிட்ஜா, மாவு புளிக்க வைக்கிற அலமாரியா?" என்றாள் மனைவி.

விசிறி செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஊர் திரும்பி இரண்டு புது விசிறி வாங்கி, ஏணி போட்டு, மேல் ஜன்னலுக்குள் தோள்வரை கையை விட்டு மாட்டினேன். (கேஸையும் கரண்டையும் அணைத்துவிட்டுத்தான். பின்னால் 120 வோல்ட் கம்பியும் ஓடுகிறது.) சுற்றவில்லை. அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கும் புத்தி வந்தது. வரும் கம்பியில் 12.6 வோல்ட். விசிறி முனையில் பூஜ்யம். நடுவில் இருப்பது ஒரே ஒரு பொருள்: குளிரூட்டும் தகடுகளில் கவ்விக்கொண்டிருக்கும் சட்டைப் பொத்தான் அளவு சூட்டு சுவிட்ச். தகடு சூடானால் மூடி மின்சாரம் விட வேண்டும், ஆறினால் திறந்துகொள்ள வேண்டும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்ததும் விசிறி இரண்டும் உறுமிக்கொண்டு கிளம்பின. கழற்றிப் போட்ட பழையவற்றையும் சோதித்தேன். அவையும் நன்றாகவே சுற்றின! சில டாலர் சுவிட்சுக்காக ஒரு சனிக்கிழமையும் முழங்கைத் தோலும் போனது.

கதை அதோடு முடியவில்லை. புது சுவிட்ச் போட்ட பிறகும் 47க்குக் கீழே இறங்க மறுத்தது. டாய்லெட் பேப்பர் ஒரு கிழிசலை மேல் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பாதி வெளியே பறந்தது, பாதி உள்ளே ஒட்டியது. ஒரு விசிறியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். சட்டத்தின் ஓரத்திலேயே காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிக்கடி சாகிற பொருளை ஏணியும் குழந்தையின் கையும் இருந்தால்தான் எட்டும் இடத்தில் வைத்தவன் தப்பு என்னுடையதல்ல. ஐந்து வருடத்தில் இது மூன்றாவது சுவிட்ச்.

இப்போது 38 டிகிரி. சுவிட்சுக்குப் பக்கவாட்டில் ஒரு கை சுவிட்சும் இழுத்துவிட்டேன். சூட்டு சுவிட்ச் செத்தாலும் நானே விசிறியைப் போட்டுக்கொள்ளலாம். வெயில் நாளில் ஃபிரிட்ஜ் பக்கம் மாலை வெயில் படாமல் வண்டியை நிறுத்துகிறேன். அதற்கே நான்கைந்து டிகிரி வித்தியாசம் தெரிகிறது.

நண்பரிடம் சொன்னேன்: வண்டியை வாங்குங்கள், அந்த ஃபிரிட்ஜை முதல் வாரமே கழற்றிவிட்டு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் போடுங்கள்.

"சரிண்ணா, நீங்க எப்ப மாத்தப் போறீங்க?"

நானா? நேற்றுதான் அதே சுவிட்சில் இரண்டு ஸ்பேர் ஆர்டர் போட்டேன்.