பாம்பன் பாலம் சுவரில்: அலுமினியமா, இரும்பா?

1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் படம் இரண்டு வகையில் கிடைக்கிறது: அலுமினியத் தகட்டில் அச்சிட்டது, லேசரில் வெட்டிப் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) அடித்த இரும்பு.

அழகில் இரும்புதான் ஒரு படி மேல். நடுவில் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதியின் குறுக்குச் சட்டங்கள் சுவரில் நிழலாகவும் விழும். ஆனால் மண்டபம், பாம்பன் பக்கத்து உப்புக்காற்று சும்மா விடாது. வெட்டிய விளிம்பு கூராக இருந்தால் அங்கே பூச்சு மெலிந்தே நிற்கும். துரு அதில் தொடங்கி, பூச்சுக்கு அடியில் ஊர்ந்து, கொப்புளமாகக் கிளப்பிவிடும். விளிம்பை மழுக்கி, துத்தநாக பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். அப்போதும் உள்ளறைக்கு மட்டும்.

கடல் பார்த்த வராந்தாவுக்கு அலுமினியம். சாயம் சுமார் 200 டிகிரி சூட்டில் மேற்பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் ஈரத்துணியால் துடைக்கலாம்; நேர் வெயில் பட்டால் வெளுக்கும். 60க்கு 40 செ.மீ., 1 மி.மீ. தகடு 650 கிராம்தான். அதே அளவு 1.5 மி.மீ. இரும்பு, வெட்டுவதற்கு முன், 2.8 கிலோ.

பலரும் கோட்டை விடுவது திருகில். அலுமினியத்தில் சாதா இரும்புத் திருகு போட்டால் உப்பீரத்தில் இரண்டும் மின்கலம்போல் வேலை செய்து, ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகு போடுங்கள், இடையில் நைலான் வாஷரோடு.